இடுப்புவரை வந்த மாப்பிள்ளை

ஆலடி விலக்கில் யாரிடமாவது உங்கள் மூத்தவன் எப்போது பிறந்தான் என்று கேட்டால், மாப்பிள்ளை பாதி வந்த வருஷம், ஐப்பசியில், என்று பதில் வரும். பேருந்து நிலையத்து வாகைமரம் சாய்ந்தது எப்போது, தென்காசி ரோட்டை அகலப்படுத்தியது எப்போது, கணக்கு வாத்தியார் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு கோழிக்கறி தின்று பிடிபட்டது எப்போது, எல்லாவற்றையும் அந்த வருஷத்தை வைத்துத்தான் முன்னே பின்னே சொல்வார்கள். சங்கரவடிவு மட்டும் அப்படிச் சொல்லமாட்டாள். எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் என்பாள், ஏனென்றால் பாதி வந்தது அவளுடைய மாப்பிள்ளை.

வடிவு, கடைத்தெரு லிங்கம் காலணியகம் குற்றாலலிங்கத்தின் ஒரே மகள். பி.காம். முடித்த கையோடு அப்பா கடையில் வந்து உட்கார்ந்தவள், வருகிறவர்களின் பாதத்தைப் பார்த்துப் பார்த்து, பிறகு முகத்தைப் பார்க்காமலே ஆளைச் சொல்லப் பழகிவிட்டாள். புதுத் தாசில்தார் பெயர் அவளுக்குத் தெரியாது, சுண்டுவிரல் மேலேறினவர் என்றால் தெரியும். கடை வாசலில் தோரணம் தோரணமாகச் செருப்புகள் தொங்கும், எல்லாம் ஒற்றை, எல்லாம் வலது கால், எல்லாம் எட்டாம் நம்பர். ஜோடியாகத் தொங்கவிட்டால் ஜோடியாகவே போய்விடும், ஒற்றையைத் திருடி எவன் என்ன செய்வான் என்பது குற்றாலலிங்கத்தின் கணக்கு. உள்ளே பெட்டிக்குள் கிடக்கும் இடது கால் புதுசாகவே இருக்க, வெளியே தொங்கும் வலது கால் வெயிலில் வெளுத்துப்போய், கடைசியில் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல், விற்க முடியாத ஒற்றைகளாக அவை வருஷக்கணக்கில் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குப் பெண் பார்க்க மாப்பிள்ளை வரவில்லை, மாப்பிள்ளையின் படங்கள்தான் வந்தன. பையன் பெயர் தளவாய், கடையத்துக்காரன், மஸ்கட்டில் கட்டட வேலை, அப்பா அம்மா இல்லை, பேச்சித்தாய் என்று ஒரே ஒரு அக்கா. படமெல்லாம் லட்சணமாகத்தான் இருந்தன, ஆனால் எல்லாம் இடுப்போடு நின்றன. "கால் தெரியுத மாதிரி ஒண்ணு அனுப்பச் சொல்லுங்கப்பா" என்றாள் வடிவு. யாருடைய காரோ, அதன் பானெட்டுக்குப் பின்னால் நின்றபடி ஒரு படம் வந்தது. மறுபடியும் கேட்டாள். கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி ஒன்று வந்தது. "ஏட்டி, கால வச்சா குடும்பம் நடத்தப் போற?" என்று கத்தினார் குற்றாலலிங்கம், ஊர்க் காலை நம்பியே நாற்பது வயதில் மாடி கட்டினவர். வடிவும் விட்டுவிட்டாள், ஏனென்றால் அதற்குள் தளவாய் போனில் பேச ஆரம்பித்திருந்தான், அவன் பேசினால் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்த பிறகு சந்தேகம் எங்கே நிற்கும்?

பத்திரிகை அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்தும் முடித்த பிறகு மஸ்கட்டிலிருந்து செய்தி வந்தது, கம்பெனியில் லீவு இல்லையாம், பாஸ்போர்ட்டும் தரமாட்டார்களாம். மற்றவர்களாக இருந்தால் தேதியை மாற்றியிருப்பார்கள். ஆனால் வடிவின் தாய்மாமா நயினார், கல்யாணம் நடக்கவிருந்த நயினார் மஹாலின் முதலாளி, தும்மல் வந்தால்கூட எமகண்டமா என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தும்முகிறவர், தான் பார்த்துக் குறித்த முகூர்த்தத்தை ஒரு கம்பெனிக்காக மாற்றுவாரா? மாப்பிள்ளைக்குப் பதிலாக அவன் அக்கா தாலி கட்டட்டும், மாப்பிள்ளை மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் ஆள் உயரத்துக்கு நிற்கட்டும், அதுவும் கல்யாணம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வாடகைக்குத் திரை வைத்திருந்த ஜெபராஜைக் கூப்பிட்டனுப்பினார்.

ஜெபராஜ் தன் தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன். "வீடியோ கால் வேண்டாம் அண்ணாச்சி, அது கட்டம் கட்டமா ஒடையும், போன மாசம் ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளையோட அப்பாவுக்கு மூக்கு காதுப்பக்கம் போயிட்டு, சம்பந்தக்காரங்க பயந்துட்டாங்க. நான் தனியா ஒரு வழி போடுதேன். அங்க ஒரு வாசல், இங்க ஒரு வாசல், அதுக்குப் பேரு சாக்கெட்டு." நயினார் சுவரிலிருந்த பிளக் பாயிண்ட்டைப் பார்த்தார். "அது இல்ல அண்ணாச்சி. இது கண்ணுக்குத் தெரியாது. அனுப்புத ஆளு மொதல்ல, 'இத்தாப் பெரிய படம் வருது'ன்னு அளவ அடிக்கணும். அது மாப்பிள்ளை வேலை. என் மிஷினு சரின்னு வாயத் தொறந்து வச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்கும். படம் பொடிப்பொடியா வரும், மேல இருந்து வரி வரியா திரையில எறங்கும். சொன்ன அளவு வந்து சேந்ததும் வாய மூடிட்டுப் பச்ச விளக்கு எரியும். கொறைஞ்சா செவப்பு. அம்புட்டுதான் விசயம்."

"முகூர்த்தத்துக்குள்ள வந்துருமா?" என்று கேட்டார் நயினார். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். வழக்கம்போல எல்லாம் தாமதமாகி, கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்கியபோது கடிகாரம் பத்தேகாலைத் தாண்டியிருந்தது. மஸ்கட்டில் தளவாய் வேட்டி சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து, அங்கேயே படம் எடுத்து, அளவை அடித்து அனுப்ப, திரையில் முதலில் தலைமுடி வந்தது, எண்ணெய் வைத்துப் படிய வாரின தலைமுடி. பிறகு நெற்றி வந்தது, புருவம் வந்தது, புருவத்தைப் பார்த்துப் பெண்கள் பக்கம் பரவாயில்லை என்றார்கள். மூக்கு வந்தது, மீசை வந்தது, மீசை கொஞ்சம் கம்மி என்று ஒரு கிழவர் குறைப்பட்டுக்கொண்டார். கழுத்தும் மாலையும் வந்தபோது பேச்சித்தாய் அழுதுகொண்டே தாலியைக் கட்டினாள். சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றாக வந்தது, தொப்பை இருக்கிறதா என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், இல்லை. வேட்டிக்கரை இடுப்பில் லேசாகத் தெரிய ஆரம்பித்த நேரத்தில் நயினார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நிறுத்துல!" என்று அவர் போட்ட சத்தத்தில் நாயனக்காரர் வாயிலிருந்து சீவாளி நழுவியது. "ராகு காலம் பொறந்துட்டு! மாப்பிள்ளை ராகு காலத்துல வரக்கூடாது, வயரப் புடுங்குல!"

ஜெபராஜ் வயரைப் பிடுங்கினான். கூட்டம் அட்சதையை மேடை மேல் அள்ளி வீசியது. வீசியதில் பாதி திரையில் பட, திரையில் இருந்த தளவாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கொஞ்சம் பாத்து எறியப்படாதா? கண்ணுல விழுந்துட்டு" என்றான்.

வயர் ஜெபராஜ் கையில் இருந்தது. திரைக்குக் கரண்ட் போகிறதா என்று பார்த்தார்கள், அதையும் பிடுங்கினார்கள், தளவாய் அப்படியே நின்று அக்காவிடம் அழாதே என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் குற்றாலலிங்கத்தின் போன் அடித்தது. தளவாயோடு ஒரே அறையில் தங்கியிருந்த மைதீன், மேலப்பாளையத்துப் பையன், பதறிப்போய்ப் பேசினான்.

"மாமா, இங்க தளவாயோட மேல்பாதியக் காணோம். அங்க வந்துச்சா?"

"வந்துட்டு, இங்கதான் நிக்கான். கீழ்ப்பாதி எங்க?"

"சேர்ல இருக்கு, மாமா."

"சரி, பத்திரமாப் பாத்துக்கிடும். இலை போட்டாச்சு, அப்பறம் கூப்பிடுதேன்" என்று குற்றாலலிங்கம் போனை வைத்தார், ஏனென்றால் பந்தியில் ரசம் வந்துவிட்டது, ரசம் வந்த பிறகு பெண்ணைப் பெற்றவன் போனில் நின்றால் காலத்துக்கும் பேச்சாகிவிடும்.

மறுநாள் மஹாலில் வேறு கல்யாணம். திரையைக் கழற்ற வந்த ஜெபராஜை, ஆள் உள்ளே இருக்கும்போது எப்படிக் கழற்றுவாய் என்று பேச்சித்தாய் விரட்டிவிட்டாள். அந்தக் கல்யாண வீட்டார் முதலில் சண்டைக்கு வந்தார்கள், எங்கள் பெண் கழுத்தில் தாலி ஏறும்போது பின்னால் ஒரு அந்நிய ஆண்பிள்ளை இடுப்புவரை நிற்பதா என்று. பிறகு தளவாய் இரண்டு வீட்டாரையும் பார்த்துக் கும்பிட்டு, மணப்பெண்ணின் பெரியப்பாவைச் சாப்பிட்டீர்களா என்று மூன்று தடவை கேட்டதில், எங்கள் வீட்டில்கூட யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று அவர் உருகி உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் ஆலடி விலக்குச் சுற்றுவட்டாரத்தில் தளவாய் இல்லாத ஆல்பம் கிடையாது. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையைவிட அவர்தான் நல்லா விழுந்திருக்கிறார் என்று பெண்கள் சொல்ல, அதற்காக ஒரு வீட்டில் அடுப்புப் பற்றவைக்காமல் இருந்ததும் உண்டு.

ஊர் அவனுக்கு வேலையும் கொடுத்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கும் ஒரு இலை போட்டுத் திரைக்கு முன்னால் வைப்பார்கள், அவன் மோந்து பார்த்துவிட்டு சாம்பாரில் உப்புத் தூக்கல் என்பான். சமையல்காரர்கள் பெண் வீட்டாரைவிட அவனுக்குத்தான் பயந்தார்கள். திரை உயரத்திலிருந்து பார்த்தால் மஹால் வாசல் முழுக்கத் தெரியும் என்பதால், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறவர்களை அவன் அடையாளம் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான், "பச்சச் சட்டை அண்ணாச்சி, அது ஒங்க செருப்பு இல்ல" என்று. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மறுநாள் செருப்புத் தொலைத்தவர்கள் வரிசையில் வந்து நிற்கும் லிங்கம் காலணியகத்தில் ஈ ஆடியது. மருமகன் வாய்த்தாலும் இப்படி வாய்க்கக்கூடாது என்று குற்றாலலிங்கம் வாய்விட்டே சொன்னார். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, இடுப்புக்கு மேலே இருப்பதால் இந்த ஊரில்தான் ஓட்டு, மை வைக்க விரல் இருக்கிறதே, என்று ஒரே பேச்சில் முடித்துக்கொண்டு பாயசம் குடிக்கப் போனார்.

வடிவு மத்தியானங்களில் வருவாள். பந்தி முடிந்து, ஜமுக்காளம் சுருட்டி, ஆட்கள் ஆங்காங்கே படுத்துக் கிடக்கும் நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திரைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்காருவாள்.

"நடையில ஒரு இது தெரியுதே," என்றான் தளவாய் ஒருநாள். "மெட்டி உறுத்துதோ?"

"ஒங்க அக்கா போட்டுவிட்ட மெட்டி. வெரல் வீங்கிட்டு. நியாயத்துக்கு நீங்கல்லா குனிஞ்சு போட்டுவிட்டிருக்கணும்."

"குனியலாம்னா, குனியுத எடத்தோட நான் முடிஞ்சு போறேனே."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, தூங்குகிற மாதிரி படுத்திருந்த பாத்திரம் கழுவும் பெண்களும் சிரிப்பதைப் பார்த்து எரிச்சலானாள். அவளுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் உண்மை. அவன் குரல் பிடித்திருந்தது, சாப்பிட்டாயா என்று கேட்கிற விதம் பிடித்திருந்தது, கடையில் யாருக்கோ பாதம் அளந்துகொண்டிருக்கும்போது அவன் சொன்ன ஏதாவது நினைவு வந்து தனியாகச் சிரித்துவிட்டு, என்னம்மா என் காலில் என்ன சிரிப்பு என்று திட்டு வாங்கினாள். ஒரு திரையில் பாதியாக நிற்கிறவனை இப்படிப் பிடித்துப்போனால் மீதி வாழ்க்கைக்கு என்ன செய்வது என்று நினைக்கும்போது மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது.

மீதியை வரவழைக்க முயற்சி செய்யாமல் இல்லை. நயினார் நல்ல நேரமாகப் பார்த்துப் பார்த்துக் குறித்துக் கொடுப்பார், ஜெபராஜ் வயரை மாட்டிவிட்டுக் காத்திருப்பான், மஸ்கட்டில் மைதீன் இங்கே நெட் சரியில்லை, இன்றைக்கு மணற்காற்று, இன்றைக்கு சூப்பர்வைசர் வந்துவிட்டார் என்று ஏதாவது சொல்வான். எல்லாம் ராகு செய்கிற வேலை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. "அது இல்ல அண்ணாச்சி, என் மிஷினுல பச்ச..." என்று ஜெபராஜ் ஆரம்பிப்பான், போதும் உன் மிஷின் புராணம் என்று நயினார் அடக்கிவிடுவார். கீழ்ப்பாதியாவது வசதியாக இருக்கட்டும் என்று குற்றாலலிங்கம், மஸ்கட் போகிற ஒருவரிடம் புதுச் செருப்பு ஒரு ஜோடி கொடுத்துவிட நினைத்து மைதீனிடம் அளவு கேட்டார். மைதீன் கொஞ்சம் யோசித்து, ஒம்பது என்றான்.

செருப்பு போய்ச் சேர்ந்ததும் வடிவே போன் செய்தாள். "சரியா இருக்கா, அண்ணே?"

"வலது கால் கும்முனு இருக்கு தங்கச்சி."

"இடது?"

"இடதா? அது... அதுவும் வலது மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு மைதீன் போனை வைத்துவிட்டான். அதென்ன பதில் என்று அவள் அன்றைக்கு முழுக்க யோசித்தாள், ஆனால் கடையில் கூட்டம் வந்து மறந்துபோனாள்.

இப்படியே ஆனி முடியப்போனது. ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது, கோயில் கொடைத் திருவிழாக்கள்தான். ஊர் ஊராகச் சாமிக்குத் திரை கட்டுவதாக ஜெபராஜ் கைநீட்டி முன்பணம் வாங்கி ஒப்புக்கொண்டிருந்தான், ஒப்புக்கொண்டது சுடலைமாடனிடம், மாடனிடம் போய் என் திரையில் ஆள் இருக்கிறான் என்று சொல்ல முடியுமா? அந்தத் திரை ஒரே பலகை இல்லை, சின்னச் சின்னச் சதுரங்களாகப் பூட்டிச் செய்தது. கழற்றினால் தலை ஒரு பெட்டியில், தோள் ஒரு பெட்டியில், கும்பிட்ட கை ஒரு பெட்டியில் என்று தளவாய் வேனில் ஏறவேண்டியதுதான். அதற்கப்புறம் அவன் பேசுவானா, இருப்பானா என்று யாருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தில் ஊர் சட்டென்று முடிவெடுத்துவிடும். பாதி வந்தவனுக்குப் பாதிக் கல்யாணம்தான் ஆகியிருக்கிறது, அது செல்லாது, தாலியைக் கழற்றி அம்மன் உண்டியலில் போட்டுவிடலாம், சுரண்டையில் ஒரு பையன் இருக்கிறான், நேரில் பார்த்துவிட்டேன், தலையிலிருந்து கால்வரை எல்லாம் இருக்கிறது என்றார் நயினார். குற்றாலலிங்கம் மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் கல்யாணம் முடிந்து, சாயங்காலம் காப்பிக்கு நின்ற கூட்டம் இன்னும் கலையாதபோதே ஜெபராஜின் ஆட்கள் ஸ்பானரோடு மேடையில் ஏறிவிட்டார்கள். தளவாய் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஓரத்தில் மிஷினைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்த ஜெபராஜிடம் வடிவு போனாள். என்ன கேட்பது என்று தெரியாமல்தான் போனாள், அந்த மிஷினில் பச்சையாக ஒன்று மினுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அதையே கேட்டாள்.

"இது என்ன வெளக்கு, ஜெபா அண்ணே?"

"நீயாவது கேட்டியே, தாயி. பச்ச எரிஞ்சா, சொன்ன அளவு வந்து சேந்துட்டுன்னு அர்த்தம். கல்யாணத்தன்னைக்கு ஒங்க மாமா கத்தும்போதே இது எரிஞ்சிட்டு. அதுக்குப் பெறகுதான் நான் வயரப் புடுங்குனேன். பாதியில நின்னுருந்தா செவப்புல்லா எரியணும்? நான் சொன்னா எவன் கேக்கான்?"

வடிவு அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியானால் ராகு யாரையும் தடுக்கவில்லை, மாமா வயரைப் பிடுங்கியதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அங்கிருந்து சொன்னதே அவ்வளவுதான், சொன்ன அளவு ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. அளவு அடித்தது மாப்பிள்ளை. காருக்குப் பின்னால் நின்ற படம் அவள் நினைவுக்கு வந்தது, கடலுக்குள் நின்ற படம் வந்தது, இடதும் வலது மாதிரிதான் என்ற மைதீனின் குரல் வந்தது. எத்தனையோ பாதங்களைப் பார்த்த பெண் அவள், மிச்சத்தை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலில் வந்தது கோபம், அப்படி ஒரு கோபம் அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

மேடை ஏறி, ஸ்பானர்காரனைத் தள்ளிவிட்டு, திரைக்கு நேர் எதிரே நின்றாள்.

"எம்புட்டுன்னு அளவு சொல்லி அனுப்பினிய?"

தளவாய் முதல் தடவையாக ஒன்றும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. "பாதின்னுதான்" என்றான்.

காப்பி டம்ளரோடு நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. புதுமாப்பிள்ளையும் பெண்ணும் கழுத்தில் மாலையோடு சோபாவிலிருந்து எழுந்து ஒதுங்கினார்கள்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால கட்டட வேலையில சாரம் சரிஞ்சு விழுந்துட்டு," என்றான் அவன். "இடது கால், முட்டுக்குக் கீழ. அக்காட்ட கூடச் சொல்லல. பெறகு ஸ்டோர்ல ஒக்காந்து எழுதுத வேல குடுத்தாங்க. லீவெல்லாம் தருவாங்க, பாஸ்போர்ட்டும் தருவாங்க, நாந்தான் கேக்கல. செருப்புக் கடைக்காரர் வீட்டுல போயி ஒத்தக் காலோட எப்படிப் பொண்ணு கேப்பேன், வடிவு? முழுசாச் சொன்னா நீ வேண்டாம்னு சொல்லிருவன்னு நெனச்சேன்."

பேச்சித்தாய் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள்.

"நான் என்ன சொல்லுவேன்னும் நீங்களே சொல்லிக்கிட்டிய," என்றாள் வடிவு. இன்னும் ஒரு வார்த்தை கூட வந்தால் திரையில் ஸ்பானரை எறிந்துவிடுவாள் போலிருந்தது. "அப்ப எனக்கு வாய் எதுக்கு இருக்கு? மாமாவுக்குக் கடியாரம் இருக்கு, ஒங்களுக்கு மிஷினு இருக்கு, எல்லாரும் அளவு சொல்லிக்கிடுதிய, எங்கிட்ட யாரு என்ன கேட்டிய? இப்பச் சொல்லுங்க, முழு அளவு. நான் பாத்துட்டுப் பெறகு சொல்லுதேன், வேணுமா வேண்டாமான்னு."

அவள் தன் போனிலேயே மைதீனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணே, கேமராவுக்கு முன்னால கொண்டாந்து வைங்க."

"தளவாய் சொல்லாம நான் அளவ அடிக்க மாட்டேன், தங்கச்சி. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"அடி, மைதீனு," என்றான் தளவாய். "உள்ளதை உள்ளபடி அடி."

அதற்குள் நயினார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். "ஏட்டி, நாலரை! ராகு காலம் பொறந்துட்டு!"

"பொறக்கட்டும் மாமா. ராகுவே தலை மட்டும் உள்ள ஆளு. பாதி ஆளோட கஷ்டம் அவருக்குத் தெரியாதா? வந்துட்டுப் போகட்டும்."

ஜெபராஜ் வயரை மறுபடி மாட்ட, மிஷினில் பச்சை அணைந்து, சிவப்பு எரிந்தது. வாயைத் திறந்துவிட்டது என்றான் ஜெபராஜ். வேட்டிக்கரை முழுசாக வந்தது, பிறகு கைலியின் கட்டம் போட்ட துணி வரி வரியாக இறங்கியது, ஏனென்றால் மஸ்கட்டில் கீழ்ப்பாதி கைலியோடுதான் உட்கார்ந்திருந்தது. தொடை வந்தது, பலகாரம் தின்ற கையைக் கழுவாமல் வந்தவர்கள் கையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்கள். முழங்கால் இரண்டும் வந்தன. வலது பக்கம் கெண்டைக்காலும் கணுக்காலும் புதுச் செருப்பும் வந்தன. இடது பக்கம் முட்டுக்குக் கீழே கைலியை மடித்துச் செருகியிருந்தது, அதற்குக் கீழே வெள்ளைத் தரைதான் வந்தது.

"பொறுங்க, பொறுங்க," என்று நயினார் கூட்டத்தைக் கையமர்த்தினார். "இடது பக்கம் இன்னும் வரல, வந்துக்கிட்டிருக்கு."

"அண்ணாச்சி," என்றான் ஜெபராஜ் மெதுவாக, "பச்ச எரிஞ்சுட்டு."

முழுசாக வந்து சேர்ந்த ஆளைத் திரை எதற்குத் தாங்க வேண்டும்? தளவாய் திரையிலிருந்து மேடையில் விழுந்தான். விழுந்தவனை வடிவு தோளில் பிடித்தாள், எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தான், இரண்டு பேருமாகப் புதுமணமக்களின் சோபாவில் சரிந்தார்கள். போனில் மைதீனின் குரல், "தங்கச்சி, இங்க சேர் காலி! இந்த இடது கால் செருப்ப மட்டும் என்ன செய்ய?" என்று கேட்டது.

"இம்புட்டுதானா? இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?" என்றாள் வடிவு.

"இல்ல. இம்புட்டுதான் நான்."

அவள் அவனை மேலிருந்து கீழ்வரை, பிறகு கீழிருந்து மேல்வரை பார்த்தாள். கோபம் போகவில்லை, அது ஆடி முழுக்க இருக்கும் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் கை அவன் தோளிலேயே இருந்தது, அதை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"எனக்கு வேணும்," என்றாள், அப்பாவைப் பார்த்து.

குற்றாலலிங்கம் மேடைக்குக் கீழே நின்றார். விழுந்த வேகத்தில் மருமகன் காலிலிருந்து கழன்று உருண்டு வந்த வலது செருப்பு அவர் முன்னால் கிடந்தது. அதை எடுத்தார், புரட்டிப் பார்த்தார், மருமகனின் பாதத்தைப் பார்த்தார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மஹாலைவிட்டு வெளியே போனார். "போச்சு," என்றாள் பேச்சித்தாய். எப்படியும் நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது, புதுசாகக் கட்டினவர்கள் சேர்ந்திருக்கக்கூடாது, பிரிக்கிறதுக்கு அதுவும் ஒரு நல்ல நேரம்தான் என்று நயினார் ஆரம்பிக்க, வடிவு பார்த்த பார்வையில் அவர் பேச்சு அங்கேயே நின்றது. கூட்டம் போகவுமில்லை, உட்காரவுமில்லை. தளவாய் தலையைக் குனிந்துகொண்டு, உங்கப்பாவைப் போய்ப் பாரு என்றான். அவள் போகவில்லை.

குற்றாலலிங்கம் திரும்பி வந்தபோது வேர்த்திருந்தது, கடைவரைக்கும் போய் வந்திருக்கிறார். கையில் ஒரு செருப்பு இருந்தது, கடை வாசலில் தொங்கினதுதான், வாரெல்லாம் வெயிலில் வெளுத்தது, ஒற்றை, வலது கால். மேடையேறி, வாடிக்கையாளருக்கு உட்காருகிற மாதிரியே மருமகன் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து, உள்ளங்கையால் குதிகாலைப் பிடித்து, செருப்பை மாட்டி, வாரை இழுத்துவிட்டார். அளந்து செய்த மாதிரி உட்கார்ந்தது.

"எட்டு," என்றார் மகளிடம், வாரின் பக்கிளைப் போட்டபடி. "ஒம்பதுன்னாங்க. களவாணிப் பயலுவ, இதுலயும் அளவ மாத்தித்தான் சொல்லிருக்கானுவ."